பாகிஸ்தான் மட்டும் வரக்கூடாது

பாகிஸ்தானின் கடைசி விக்கெட் விழுந்ததும் கீப்பர் குதித்த குதியில் ஆல்போன்ஸ் வீட்டு நாற்காலி ஒன்றின் கால் உடைந்தது. அப்போதும் அவன் குதிப்பதை நிறுத்தவில்லை.

“போச்சு! லாகூரோட முடிஞ்சுபோச்சு! இனிமே அவங்க ஃபைனலுக்கு வர முடியாது!”

கோவில்பத்து டீமுக்குப் பத்து வருஷமாக அவன்தான் விக்கெட் கீப்பர். அதனால் ஊருக்கே அவன் கீப்பர். தபால்காரரைத் தவிர வேறு யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

எண்பத்தேழாம் வருஷ உலகக் கோப்பை. முதல் அரை இறுதியில் ஆஸ்திரேலியா ஜெயித்துவிட்டது. மறுநாள் பம்பாயில் இந்தியாவும் இங்கிலாந்தும் மோத வேண்டும்.

நாக் அவுட்டில் யார் வந்தால் பயம் என்பதுதான் ஒரு வாரமாகத் தெருவில் பேச்சு. சண்முகசுந்தரத்துக்கு வெஸ்ட் இண்டீஸ் என்றால் பயம். அவர்கள் லீக்கிலேயே மூட்டை கட்டிய பிறகும் அவனுக்குக் கலக்கம் தீரவில்லை. பஞ்சநாதன் ஆஸ்திரேலியா என்றான்.

கீப்பரிடம் ஒரே பதில்தான். “எவன் வேணா வரட்டும். பாகிஸ்தான் மட்டும் வரக்கூடாது.”

“அவ்வளவு பயமாடா?” என்று பஞ்சநாதன் சிரித்தான்.

“ஆமாடா. பயந்தான்.”

வெட்கமில்லாமல் ஒத்துக்கொண்டான். காரணம் தங்களுக்குத் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

போன வருஷம் பாகிஸ்தானோடு நடந்த ஷார்ஜா ஃபைனலை ஆல்போன்ஸ் வீட்டு இதே ஹாலில்தான் பார்த்தார்கள். ஆட்டம் நடக்கும்போது இடம் மாறக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது. அப்படி ராசி பார்க்கிற கூட்டம் அது. கடைசி ஓவரில் கீப்பர் தண்ணீர் குடிக்க எழுந்தான். கடைசிப் பந்து சிக்ஸராகப் போய் விழுந்து பாகிஸ்தான் ஜெயித்தது. டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவனை யாரும் ஆட்டம் பார்க்கக் கூப்பிடவில்லை. டீமிலும் உட்கார வைத்துவிட்டார்கள். வீட்டு வாசலில் வந்து நின்றவனை ஆல்போன்ஸ்தான் பாவம் பார்த்து உள்ளே அழைத்தார்.

“இன்னொரு தடவை அப்புடி ஆச்சுன்னா, இந்த வாசப்படிய நான் மிதிக்க முடியாதுண்ணே,” என்று அவரிடம் சொல்லியிருந்தான். அவனுக்கு இருந்த போக்கிடமே அந்த ஹாலும் அந்த நாலு நண்பர்களும்தான்.

ஆல்போன்ஸுக்கு அந்தக் கவலை பிடிபடவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், பாஸ்போர்ட்டும் பிரான்ஸ் பாஸ்போர்ட்தான். போன வருஷம் உலகக் கோப்பைக் கால்பந்தில் பிரான்ஸ் கோல் போட்டபோது “வீவ் லா பிரான்ஸ்!” என்று இதே ஹாலில் கத்தினார். கூட்டமும் சேர்ந்து கத்தியது, அவரைத் தோளில் தூக்காத குறை.

“வெளையாட்டுதானப்பா. யாரு ஜெயிச்சா என்ன?” என்றார்.

“ஒங்களுக்கு சரிண்ணே,” என்றான் கீப்பர்.

மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டான். எழுந்திருக்க நேரக்கூடாதென்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மழையில் ஏரியல் திரும்பிப் படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தபோதும் அசையவில்லை. ஆல்போன்ஸே மாடிக்குப் போய்த் திருப்பிவிட்டு வந்தார்.

இங்கிலாந்துக்காரன் ஒருவன் ஸ்வீப் அடித்தே நூறைத் தாண்டினான். இந்தியா துரத்தியது. பாதி வழி வரை நம்பிக்கை இருந்தது. பிறகு விக்கெட்டுகள் சரிந்தன. ஒவ்வொன்றுக்கும் கீப்பர் தொடையில் அடித்துக்கொண்டான்.

கடைசி விக்கெட்டும் போனது. கீப்பர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அது நடிப்பில்லை. அன்று அந்தத் தெருவில் அவ்வளவு அழுதவன் வேறு யாரும் கிடையாது.

ஆல்போன்ஸ் டி.வி.யை அணைத்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் செருப்பைத் தேடினார்கள்.

பஞ்சநாதன் மட்டும் கீப்பர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பத்து வருஷமாக அவனை ஒட்டி ஸ்லிப்பில் நிற்கிறவன். அவன் தோளில் கை போட்டதும் கீப்பருக்கு மனசு கொஞ்சம் லேசானது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

“நேத்து ஒங்காளுங்க தோத்தாங்க, இன்னிக்கு நாங்க தோத்துட்டோம். இப்ப சந்தோஷந்தானே, சேக் பரீது?”