கதவுக்கு வெளியே பூட்டு

படுக்கையறைக் கதவில் பூட்டு தொங்கியது. மகள் உள்ளேதான் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சொல்லாமல் கொள்ளாமல் மகளைப் பார்க்க வந்திருந்தார். கூடத்தில் பேரன் சம்பந்தியம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து வீறிட்டுக்கொண்டிருந்தான். மகளின் செல்போன் டிவி பக்கத்தில் அணைந்து கிடந்தது.

“யாருங்க பூட்டினது?”

“நான்தான்,” என்றாள் சம்பந்தியம்மா, கொஞ்சமும் கூசாமல்.

“போனையும் பிடுங்கி வெச்சுட்டீங்களா?”

“அது அவளே கொடுத்தது.”

“சாப்பாடு?”

“ஜன்னல் வழியாக் கொடுத்தேன்.”

“நல்லாயிருக்கே! என் பொண்ணு என்ன ஆடா மாடா, அடைச்சு வெச்சுத் தீனி போட? முதல்ல கதவைத் திறங்க!”

“மெதுவாங்க சம்பந்தி. என்னை அப்புறமா நிதானமாத் திட்டுங்க. இப்ப பின்பக்கம் போய் ஜன்னல்ல பாருங்க. ஆனா வாயைத் திறக்கக் கூடாது.”

விறுவிறுவென்று போனார்.

அறையின் தரை முழுக்க ஒரே தாள். தாள் முழுக்க ஒரு பாலம். இந்தக் கரையில் கிளம்பி, ஆற்றை ஒரே வளைவில் தாண்டி அந்தக் கரையில் இறங்கியது. மகள் மண்டியிட்டு வரைந்துகொண்டிருந்தாள்.

“அம்மாடி” என்று கூப்பிட வாயெடுத்தார். வாயை மூடிக்கொண்டு, ஜன்னலருகே இன்னும் குனிந்தார்.

அவருடைய நிழல் தாளில் விழுந்தது. அவள் நிமிரவேயில்லை. தாளை மட்டும் வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டாள். கோடு தொடர்ந்து ஓடியது.

தூக்கி வளர்த்த பெண்தான். ஆனால் இந்த முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் திரும்பி வந்தார்.

“அவளா வரைஞ்சது?” குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

“அவளேதான். ஆத்துல புதுப் பாலம் கட்டப் போறாங்களாம். நாளைக்கு வரைபடத்தைக் கொடுத்தாகணும். குழந்தை பொறந்தப்புறம் அவ கைக்கு வந்த முதல் வேலை.”

“அதுக்காகப் பூட்டணுமா? உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாப் போதாதா?”

“போட்டுப் பார்த்தா. யாராவது தட்டினா எழுந்து வந்து திறந்துடறா.”

அவர் செருப்பை ஓரமாக வைத்தார். “சாவியைக் கொடுங்க. பூனை மாதிரிப் போய், தலையைத் தடவிட்டு வந்துடறேன்.”

“சாவி என்கிட்ட ஏது? பூட்டின கையோட கதவுக்கடியில உள்ளே தள்ளிட்டேன். அவளா வெளியே தள்ளினாத்தான் நான் திறக்க முடியும்.”

அவர் குனிந்து கதவுக்கடியில் பார்த்தார்.

“உப்பு டப்பா எங்கே, கத்திரிக்கோல் எங்கேன்னு நிமிஷத்துக்கொரு தரம் தட்டினதே நான்தான். அந்தப் பூட்டு அவளுக்கில்லை சம்பந்தி, எனக்கு!”