பூவரசைத் தாங்கிய வீடு

சுழல்காற்று வருமுன் கடற்கரைத் தெரு வீடுகளெல்லாம் வழக்கம்போல் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டன. காற்று போனதும் எல்லாம் எழுந்துவிட்டன. ஜெசிந்தாவின் வீடு மட்டும் பாதியில் நின்றது.

"கூரைமேல பெரிய பூவரசு சாய்ஞ்சு கிடக்கு. வெட்டினாத்தான் முழுசா எழ முடியும்" என்றது வீடு.

ஜெசிந்தா ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தாள். பாதி வேர் இன்னும் மண்ணை விடவில்லை.

"தெருவுக்கே அது ஒண்ணுதான் நிழல். வேர் பிடிக்கிறவரைக்கும் அப்படியே முட்டுக் கொடு."

"வாசக்கதவு மண்ணுக்குள்ள இருக்கே! நாளைக்கு உன் மக ரோஸ்லினைப் பொண்ணு பார்க்க வர்றாங்களே!"

"ஜன்னல் இருக்குல்ல?"

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஜன்னலேறி உள்ளே குதித்தார். ஜெசிந்தா நாற்காலியை இழுத்துப் போட்டாள். வந்தவர் திரும்பி ஜன்னல் வழியே பூவரசை அண்ணாந்து பார்த்தார்.

"எங்க ஊர்ல காத்து ஒரு மரத்தையும் மிச்சம் வைக்கல. கல்யாணத்துக்குத் தனியா பந்தல் எதுக்கு? இந்த நிழலே போதும்!"

பெண்ணை அவர் இன்னும் பார்க்கவேயில்லை.