பின்னட்டை எண்

"உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்குக்கூடக் கண்ணு கிடையாதா?"

போனை சோபாவில் வீசிவிட்டுக் கேட்டார் கணவர். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அவள் திரும்பவில்லை.

நகரத்தில் கால்பந்துப் போட்டி. வெளியூர் ரசிகர்களுக்காக மாநகராட்சி ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டிருந்தது. மைதானத்துக்கு எந்த பஸ், எந்த கேட்டில் நுழைய வேண்டும், மழை வந்தால் எங்கே ஒதுங்கலாம், எல்லாம் அதில் இருந்தது. அதைத் தயாரித்தவள் அங்கே ஒப்பந்த ஊழியராக இருக்கும் அவள்தான். பின்னட்டையில் பெரிய எழுத்தில், 'சந்தேகமா? கூப்பிடுங்கள்' என்று ஒரு எண்.

உதவி மையத்தின் எண் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, அவள் கணவரின் செல்போன் எண்.

"கவனிக்கலைங்க," என்றாள்.

"பூசணிக்காய் சைஸுல போட்டிருக்கு. கவனிக்கலையாம்."

மறுபடி போன் அடித்தது. ராங் நம்பர் என்று சொல்லிப் பார்த்தார். எதிர்முனை விடுவதாக இல்லை. நாலாவது கேட் எங்கே என்று ஒரே பிடியாக நின்றது. நான் என்ன அங்கே வாட்ச்மேனா என்று எரிந்து விழுந்தார். வைக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, மறுபடி காதில் வைத்தார்.

"சரி, இப்ப எங்க நிக்கிறீங்க? எதிர்ல என்ன தெரியுது?"

ஒரு டிராவல்ஸ் கம்பெனியின் டிக்கெட் கவுன்டரில் இருந்தவர் அவர். கம்பெனியை மூடியபின் வேறு வேலை அமையவில்லை. முதலில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுக் கேட்டார். நாளாக ஆக அவர்கள் எடுக்கவில்லை. பிறகு இவரும் போடவில்லை. கசங்கின பனியனும் தாடியுமாக ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். 'ம்', 'வேண்டாம்', இந்த இரண்டு வார்த்தைகளில் வீட்டில் அவர் காலம் ஓடியது. பேச்சு வற்றிப்போன மனிதன் கடைசியில் எங்கே போய் நிற்பான் என்று யாரால் சொல்ல முடியும்?

இப்போது ஓயாமல் பேசினார். அதில் பாதி, மனைவிக்குப் பொறுப்பு போதாது என்பது பற்றி.

மீதி, போனில். ஒருவர் பஸ்ஸில் குடையை விட்டுவிட்டார். இன்னொருவருக்குத் தன் ஓட்டல் பெயர் மறந்துவிட்டது. பந்து பார்வையாளர் பக்கம் வந்து விழுந்தால் வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டார் ஒரு பெரிய மனுஷர். தன் அணி தோற்றதும் கூப்பிட்டு, எதுவும் கேட்காமல் வெறுமனே அழுதார் ஒருவர். அழுது முடிக்கும்வரை வைக்காமல் இருந்துவிட்டு, பஸ் கிளம்பிடப் போகுது, போய் ஏறுங்க என்றார் இவர்.

"அப்பா, அழணும்னா எட்டை அழுத்தவும்னு ஒண்ணு வெச்சிடலாம்," என்றாள் மகள்.

"உங்கம்மாகிட்ட சொல்லு. அதையும் தப்பா அச்சடிச்சுடுவா."

ஒரு நாள் காலையில் எழுந்ததும் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்.

"எங்கயாவது போறீங்களா?"

"போன் வருமில்ல?"

"போன்ல முகமா தெரியப்போகுது?"

"குரல்ல தெரியும்," என்றார்.

அந்த வாரக் கடைசியில்தான் அதிகாரி அவளைக் கூப்பிட்டார். அத்தனை பிரதியும் ஊர் பூராவும் போய்விட்டது, எண் எப்படித் தவறானது என்று மேலிடத்தில் கேட்கிறார்கள், அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது கஷ்டம்தான் என்றார். வீட்டுக்கு வருவது அந்த ஒரு சம்பளம்தான்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவரோ, போனை அணைத்துவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். வேலை போகும் என்று அதிகாரி சொன்னபோது வராத பயம் அவளுக்கு அப்போது வந்தது.

மறுநாள் மாலை அதிகாரி அவளைப் பார்த்ததும் சிரித்தார்.

"உங்க வீட்டுக்காரர் வந்துட்டுப் போனாரும்மா."

"எதுக்கு சார்?" என்றாள்.

"தப்பு தன்னோடதுன்னு சொன்னார். உதவி மைய நம்பரைக் குறிச்சு வெச்சிருந்தாராம். நீங்க கேட்டப்போ, தூக்கக் கலக்கத்துல தன் நம்பரைச் சொல்லிட்டாராம். பச்சைப் பொய். அதைக்கூட ஒழுங்காச் சொல்ல முடியலை, நடுவுல போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. 'ஒரு நிமிஷம் சார்'னு வெளியே போய் யாருக்கோ பஸ் நம்பர் சொல்லிட்டு, திரும்பி வந்து விட்ட இடத்துலேர்ந்து பொய்யை ஆரம்பிக்கிறார்."

போட்டி முடியும்வரை தானே பேசிக்கொள்வதாகவும், திருத்தச் சீட்டெல்லாம் ஒட்டிச் செலவு செய்ய வேண்டாம் என்றும் சொன்னாராம். உதவி மையத்துக்குக் கூப்பிட்டால் பாட்டுதான் கேட்கிறது, இவராவது பேசுகிறார், இருந்துவிட்டுப் போகட்டும் என்று மேலிடத்திலும் சொல்லிவிட்டார்களாம்.

"உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா ஒண்ணும்மா. உங்க கவனக்குறைவுக்காக அந்த மனுஷன் என் முன்னாடி கைகட்டி நின்னார். அதுக்காகவாவது, இனிமே அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பாருங்க."

"சரிங்க சார்," என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தப் புத்தகம் முழுவதிலும், ஒரு இலக்கம்கூடப் பிசகிவிடக் கூடாதே என்று அவள் திரும்பத் திரும்பச் சரிபார்த்தது அந்த ஒரு எண்ணைத்தான்.