யாருமே கடக்காத சிக்னல்

"ஸ்டூடன்ட்ஸுக்கு வேற வேலை இல்லையான்னா கேக்கறீங்க? இருக்கு சார், தலைக்கு மேல இருக்கு. அதைப் பாக்கப் போக விட்டாத்தானே? எங்க பாதிப் படிப்பு உங்க சிக்னல்லயே முடிஞ்சு போகுது."

மக்கள் குறைகேட்புக் கூட்டம் நடந்த ஹால்ல சிரிப்பு கிளம்புச்சு. மேடையில இருந்த போக்குவரத்து அதிகாரி தண்ணி பாட்டிலைத் திறந்தார், குடிக்காமலே மூடினார்.

வக்கீலம்மா கையில மைக் கிடைச்சா அவ்வளவுதான். வக்கீலம்மாங்கறது வீட்டுல வெச்ச பேரு. படிக்கறது கணக்கு, வாயைத் திறந்தா வழக்கு.

இன்னைக்கு வழக்கு, ஊர் நடுவுல இருக்கற ரோட்டைப் பத்தி. போன வருஷம் வரைக்கும் வானம் தெரிஞ்ச இடத்துல இப்போ கண்ணாடிக் கட்டடங்க ஒண்ணு தோளுல ஒண்ணு ஏறி நிக்குது. கட்டடம் வளர்ந்துச்சு, கார் வளர்ந்துச்சு, ரோடு மட்டும் பிறந்தப்போ இருந்த அதே அகலம்.

அதுலயும் பெரிய டவர் வாசல்ல ஒரு சிக்னல். நடந்து போறவங்க கம்பத்துல இருக்கற பட்டனை அமுக்கினா சிவப்பு விழும், வண்டியெல்லாம் நிக்கும். அதுக்குப் பக்கத்துலயே காலேஜ் பஸ் நிக்கற ஸ்டாப்.

"தினமும் ஓடி வந்து பஸ்ல ஏறி, மூச்சு வாங்கிட்டு நிமிர்ந்து பார்த்தா எதிர்ல சிவப்பு. கடக்கறது யாரு? ஒரு ஈ, காக்கா கிடையாது."

சொன்ன கையோட போன்ல எடுத்த வீடியோவை ஹால் திரையில ஓட விட்டா. பஸ் ஜன்னல் வழியா எடுத்தது. காக்கி யூனிஃபார்ம், முகத்தை மறைச்ச தொப்பி. அந்த ஆளு பட்டன் மேல கை வெச்சு நிக்கறான், ரோட்டைக் கடக்காமலே திரும்பி டவருக்குள்ள போறான். காலியான ரோட்டுல டவர்லேர்ந்து ரெண்டு கார் வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டு வெளிய வருது.

"பார்த்தீங்களா? பெரிய மனுஷங்க கார் வெளிய வரணும்னு கூலிக்கு ஆள் வெச்சு அமுக்கறாங்க. பஸ்ல நாங்க புளிமூட்டையா நிக்கறோம். ஒரு ஆளுக்காக ஒரு ஊரே நிக்கணுமா?"

கைதட்டல் அடங்கறதுக்குக் கொஞ்ச நேரமாச்சு.

டவர் மேனேஜர் எழுந்து, அப்படி யாரும் உத்தரவு போடலைன்னு சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னார். அந்த ஆளு யாருன்னு தெரிஞ்சா அந்த நிமிஷமே வீட்டுக்கு அனுப்பிடுவாராம்.

"தேட வேண்டாம் சார். நாற்காலி நிரப்பக் கூட்டிட்டு வந்தீங்களே, உங்க ஆளுங்க எல்லாம் கடைசி வரிசையிலதான் இருக்காங்க. எழுந்து நிக்கச் சொல்லுங்க."

அந்த வரிசையில அவ அப்பாவும் இருந்தார். டவருக்கு அடியில, பார்க்கிங்ல கார்களுக்கு இடம் காட்டற வேலை. நேத்து வீட்டுலயே அவரைக் கேட்டா, உங்க ஆளுங்கள்ல யாருப்பா அதுன்னு. "விட்டுடும்மா"ன்னு சொல்லிட்டு, ஏற்கெனவே பளபளன்னு இருந்த ஷூவை மறுபடி துடைக்க ஆரம்பிச்சார். சம்பளம் குடுக்கற இடம்னா வாயில பூட்டான்னு அவ குத்திக் காட்டினப்போ அடுத்த ஷூவை எடுத்துக்கிட்டார். காலையில வழக்கம்போல அவ போர்வைக்குள்ள இருக்கும்போதே அவர் வேலைக்குப் போயிட்டார்.

கடைசி வரிசையில யாரும் அசையலை. வக்கீலம்மா சாட்சிக்குப் போனா.

"அதோ பஸ் டிரைவர் அண்ணன் இருக்காரு. தினமும் இவரு பஸ்லதான் போறேன். அண்ணா, உங்களுக்குத் தெரியும்ல?"

டிரைவர் தலையைச் சொறிஞ்சார். "வேணாம்மா. விட்ரு."

"பயப்படாதீங்கண்ணா. நான் இருக்கேன்."

பின்னாடி நாற்காலி நகர்ற சத்தம். தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒரு காக்கி யூனிஃபார்ம் எழுந்து நின்னுச்சு.

"நான்தான் சார்."

வக்கீலம்மாவோட அப்பா.

எந்தக் காருக்காகன்னு மேனேஜர் கேட்டார். எவ்வளவு வாங்கினேன்னு கேட்டார். ரெண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான்: "தப்புதான் சார்."

"நாளைலேர்ந்து வர வேண்டாம்."

அப்பா தலையை ஆட்டினார். மகளைப் பார்க்கலை. மகள் மைக்கை வாய்கிட்டேர்ந்து கீழ இறக்கினா.

டிரைவர் எழுந்தார்.

"சாட்சி கேட்டியேம்மா, சொல்றேன். இவரு காருக்காக அமுக்கல. காருங்க ரோடு காலியா இருக்கேன்னு நுழையுது, அவ்வளவுதான். ஸ்டாப்பை விட்டு எடுத்துட்டா யாருக்காகவும் நிறுத்தக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு. சிவப்பு விழுந்தா நின்னுதானே ஆகணும்? தினமும் நான் வண்டியை எடுக்கறப்போ பக்கக் கண்ணாடியில ஒரு பொண்ணு தெரியும். ஒரு கையில பை, ஒரு கையில செருப்பு, விழுந்தடிச்சு ஓடி வரும். இவரு பட்டனை அமுக்கிட்டு, அது பஸ்ல ஏறற வரைக்கும் பார்த்துட்டுத்தான் உள்ள போவாரு."

உக்காரப் போனவர் பாதியில நிமிர்ந்தார்.

"அந்தப் பொண்ணு யாருன்னு நான் சொல்ல மாட்டேன். மைக் வெச்சிருக்கறவங்களே எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லட்டும்."