டக்கென்று வந்த பதில்

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. கணவனின் குரல்.

“போன் மழையில நனைஞ்சு செத்துப்போச்சு. வீட்டு நம்பர் பூட்டைத் திறக்கற நம்பர் அதுலதான் இருந்துச்சு. வழியில போறவர் போன்ல பேசறேன், சீக்கிரம் சொல்லு.”

அலுவலகத்தில் இருந்த மனைவி உஷாரானாள். அடுத்தவர் குரலிலேயே பேசி ஏமாற்றுகிறார்கள் என்று நேற்றுதான் படித்திருந்தாள்.

“நம்ம கல்யாண நாள் என்னைக்கு?”

“இன்னைக்குத்தான்!”

இணைப்பைத் துண்டித்து, அந்த எண்ணை பிளாக் செய்தாள். “ஏமாத்துக்காரன்!”

“எப்படிடி கண்டுபிடிச்சே?” என்றாள் பக்கத்து இருக்கைத் தோழி.

“பதினெட்டு வருஷத்துல அவர் ஒரு தடவைகூட சரியா சொன்னதில்லை. இந்தத் திருட்டுப்பய டக்குனு சொல்லிட்டான்!”

மாலை வீடு திரும்பியபோது, வாசற்படியில் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தான் கணவன். மடியில் ஊறிப்போன கேக் பெட்டி.

“சரியா சொன்னதுக்கா போனை வெச்சே? அடுத்த வருஷத்துலேருந்து மறந்துடறேன், தாயே!”