ஒன்பதாவது வரி

ஒன்பது பாராமீட்டர்கள். ஒன்றன்கீழ் ஒன்றாக ஒன்பது வரிகள்.

பார்சலை அனுப்பி வைக்கும் மெத்தட் அது, மென்பொருளின் ஒரு துண்டு; அதைக் கூப்பிடும்போதெல்லாம் இந்த ஒன்பது விவரங்களையும் வரிசையாகக் கொடுக்க வேண்டும். கூரியர் நிறுவனம் ஒன்றுக்காக எழுதியது. அனுப்புநர், பெறுநர், எடை, நீளம், அகலம் என்று போய்க்கொண்டே இருந்தது.

போன வாரம் யாரோ நீளத்தையும் அகலத்தையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டும் எண்தானே, பிழை பார்த்துச் சொல்லும் கம்பைலர் வாயைத் திறக்கவில்லை.

இனி ஒரு மெத்தடுக்கு நான்கு பாராமீட்டருக்கு மேல் கூடாது என்று விதி வந்தது.

ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அதைக் கடைசியாகத் தொட்டவரின் பெயர் சாம்பல் நிறத்தில் இருக்கும்.

ஒன்பதிலும் சுடர்விழி.

திருத்தும் வேலை அவள் கணவனுக்கு வந்திருந்தது. அவன் தொட்டால் அவள் பெயர் போய் அவன் பெயர் வந்துவிடும்.

அவள் இறந்து ஐந்து மாதம். அவள் அம்மா ஞாயிறுதோறும் சாப்பிடக் கூப்பிடுகிறாள். அவன் ஒருமுறையும் போகவில்லை.

"நான் பண்ணிடட்டுமா?" என்று டீம் லீட் ஷெரின் காலையிலேயே கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தான்.

யார் எது கேட்டாலும் சுடர்விழி மறுக்கமாட்டாள். கடைசியில் ஒரு கமா போட்டு அதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுவாள். ஏழாவதும் எட்டாவதும் அவன் கேட்டவை. கல்யாணத்துக்கு முந்தைய வருடம். அவள் மேசை அருகே போய்ப் போய் நின்றான்.

"அடுத்த தடவை வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணிட்டு வாங்க, சார்" என்றாள்.

மறுநாள் போன் செய்துவிட்டுப் போனான். ஒன்பதாவதைக் கேட்டான்.

பார்சலோடு வருமுன் போன் செய்ய வேண்டுமா? ஆம் அல்லது இல்லை.

அவள் வெகுநேரம் சிரித்தாள். பிறகு சேர்த்தாள்.

இன்றுவரை அந்த வரிக்கு எல்லா இடத்திலும் 'இல்லை' என்றுதான் போகிறது.

முதல் எட்டையும் ஆப்ஜெக்ட் என்ற ஒரே பொட்டலத்துக்குள் கட்டினான். நீளம் நீளமாகவே இருந்தது, அகலம் அகலமாகவே. அவள் பெயர் ஒவ்வொரு வரியாகப் போனது.

ஒன்பதாவது வரியில் கர்சர் துடித்தது.

பயன்படாததை நீக்க வேண்டும். அதுவும் விதிதான்.

மாலையில் ஷெரின் அவன் பின்னால் வந்து நின்றாள். திரையில் இரண்டு பாராமீட்டர்கள். மேலே ஆப்ஜெக்ட். கீழே தனியாக ஒன்று.

"இதை யாருமே யூஸ் பண்ணலையே..."

ஓரத்தில் இருந்த பெயரைப் பார்த்தாள். நிறுத்திக்கொண்டாள்.

"ரெண்டுதானே. நாலுக்குள்ளதான் இருக்கு."

தன் இடத்துக்குப் போய் ஒப்புதல் கொடுத்தாள்.

மேல் வரியின் ஓரத்தில் அவன் பெயர். கீழ் வரியில் அவள் பெயர்.

கிளம்பும்போது போனை எடுத்தான்.

"அத்தை, இப்ப வரட்டுமா?"