விண்ணப்பம் இருக்கும் இடம்

வாசலில் 'பேக்கரிக் கல்லூரி' என்று ஆள் உயரப் பலகை. மாடி ஏறி வந்தால் மொத்தம் மூன்றே அறைகள். சுவரெல்லாம் வெள்ளைத் தொப்பி போட்ட பிள்ளைகள் பல் தெரியச் சிரிக்கிறார்கள், காசுக்குச் சிரிக்கும் விளம்பரப் பிள்ளைகள். சேர்க்கை அதிகாரிக்குக் கழுத்தில் டை, வாயில் தேன். "எல்லாமே செய்முறைப் பயிற்சிதாங்க. படிப்பு முடியறதுக்குள்ள வேலை வீடு தேடி வரும்" என்று அளக்கிறார். எதிரே, பேக்கரியில் பதினெட்டு வருடமாக ரொட்டி சுடும் அம்மா. முன்கையில் சூட்டுத் தழும்புகள் வரிவரியாக. பக்கத்தில் மகள். அவளுடைய அசல் சான்றிதழ் மேசைமேல், அதிகாரியின் முழங்கைக்கு அடியில் கிடக்கிறது. "இருங்க, ஃபார்ம் எடுத்துட்டு வரேன்" என்று எழுந்தவர், சுவரோரம் நிற்கும் பெரிய ஓவனின் கதவை வெறுங்கையால் இழுக்கிறார். "ஐயையோ, கை!" என்று பதறி அம்மா எழுந்தேவிடுகிறாள். உள்ளே தட்டுத் தட்டாக விண்ணப்பப் படிவங்கள். பூச்சி உருண்டை வாடை குப்பென்று அடிக்கிறது. அவருக்கு ஒரே சிரிப்பு. "பயப்படாதீங்கம்மா. வாங்கின நாள்லேருந்து இது ஒரு தடவைகூட சூடானதில்ல." பெருமையாகவே சொல்கிறார். நீட்டிய படிவத்துக்கு மகள் கை நீட்டவில்லை. சான்றிதழை எடுத்துப் பைக்குள் வைக்கிறாள். "போலாம்மா." அவர் திறந்தபடியே விட்ட ஓவன் கதவை, அம்மா போகிற போக்கில் சாத்துகிறாள், கைக்குட்டையை மடித்துப் பிடித்து.